வைரமா, பொற்காசா? மந்திரச் சடங்குக்கு ரத்தினம் வைக்க நான்கு வழிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி, கதையாக ஆடும் மேசை விளையாட்டு. அதை ஆடும் குழுவில் ரத்தினப் பேச்சு பெரும்பாலும் ஐந்தாம் லெவலில்தான் எழும். க்ளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் செய்யும் பூசாரி) ஆடுபவர் ரிவிவிஃபை மந்திரத்தை எடுத்துக்கொள்வார். செத்து ஒரு நிமிடம் ஆவதற்குள் ஓர் உயிரை மீட்கும் மந்திரம் அது. அதற்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், மந்திரம் முடிந்ததும் வைரம் இருக்காது. அடுத்த வாரமே யாரோ ஒருவர் ஓநாய்க் கூட்டத்திடம் மாட்டிச் சாவார். "பையில் வைரம் இருக்கா?" என்று டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத மேசைகளில், அன்றைய ஆட்டம் அங்கேயே நின்று வாக்குவாதமாகிவிடும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மலைமேல் ஆடும் குழுக்களுக்கு இது இன்னும் முக்கியம். மழைக்காலத்தில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஒரே கேம்பெயினை (தொடர்கதை ஆட்டத்தை) இழுத்துக்கொண்டு போகிற ஆட்டங்கள் இங்கே நன்றாக நடக்கும். நீண்ட கேம்பெயினில் ரத்தின விதி சரியில்லை என்றால், சாவுக்கு விலையே இல்லாமல் போகும். அல்லது விலை கொடுக்க வழியே இல்லாமல் போகும். நடைமுறையில் இருக்கும் நான்கு வழிகளையும் அவை எங்கே சறுக்குகின்றன என்பதையும் பார்ப்போம்.

புத்தகத்தில் உள்ளபடி

2014 விதிப்புத்தகத்தின்படி மந்திரப் பொருள்கள் இரண்டு வகை. விலை குறிக்காத பொருளுக்கு காம்பொனன்ட் பவுச் (மந்திரப் பொருள் பை) அல்லது மந்திரக்கோல் போதும். விலை குறித்திருந்தால் அந்தப் பொருளே கையில் இருக்கவேண்டும். விலை குறித்தவற்றிலும் மந்திரம் தின்றுவிடுபவை உண்டு, தின்னாதவை உண்டு. ஐடென்டிஃபைக்கு 100 பொற்காசு முத்து, க்ரோமாட்டிக் ஆர்புக்கு 50 பொற்காசு வைரம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க வரும். கணக்கு வைக்கவேண்டியது தின்றுவிடுபவற்றுக்குத்தான். இறந்தோரை எழுப்பும் மந்திரங்களில் ரிவிவிஃபைக்கு 300, ரெய்ஸ் டெட்டுக்கு 500, ரெசரக்‌ஷனுக்கு 1,000, ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 25,000. ஸ்டோன்ஸ்கின், கிரேட்டர் ரெஸ்டொரேஷன் இரண்டுக்கும் 100 பொற்காசு வைரத்தூள், கன்டினியுவல் ஃப்ளேமுக்கு 50 பொற்காசு மாணிக்கத்தூள்.

ரத்தினத்துக்கு இந்த ஆட்டத்தில் இன்னொரு பெரிய உபயோகம் சுமையைக் குறைப்பது. 50 காசு ஒரு பவுண்டு என்பது விதி. 500 பொற்காசு என்றால் 10 பவுண்டு, நாலரை கிலோ. ட்ரூ ரெசரக்‌ஷனுக்கான 25,000 காசைச் சுமந்தால் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. அதே மதிப்பு வைரமாக இருந்தால் இடுப்பு முடிச்சில் அடங்கும். எடைக் கணக்கைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் மேசைகளில் வீரர்கள் தாங்களாகவே காசைக் கல்லாக மாற்றத் தொடங்குவார்கள். இது நல்ல பழக்கம், ஊக்குவிக்கலாம்.

புத்தக வழி சறுக்குவது புதையல் பட்டியலில். 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் (டிஎம்முக்கான கையேட்டில்) வைரம் 5,000 பொற்காசுக் கல். மாணிக்கமும் அதே வரிசைதான். அந்தப் பட்டியலைப் பகடை உருட்டி அப்படியே பின்பற்றினால், 5,000 பொற்காசுக் கற்கள் சவால் அளவு (எதிரியின் வலிமையைச் சொல்லும் எண்) 17-உம் அதற்கு மேலும் உள்ள பெரும்புதையல்களில்தான் வரும். சவால் அளவு 5 முதல் 10 வரையுள்ள புதையலில் 50, 100 பொற்காசுக் கற்கள் மட்டுமே. ஆக, ஐந்தாம் லெவலில் வைரம் கேட்கும் மந்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வைரத்தைப் பத்துப் பன்னிரண்டு லெவல் தள்ளி ஒளித்துவைத்திருக்கிறது புத்தகம். புதையலைப் பகடைக்கே விட்டுவிடும் டிஎம், தனக்குத் தெரியாமலேயே ரிவிவிஃபையைத் தடை செய்துவிடுகிறார். புத்தக வழியில் போவதென்றால், நாலாம் லெவலிலிருந்து 300 பொற்காசுச் சிறு வைரங்களை நீங்களே புதையலில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊர்க் கடையில் விற்பனைக்கு வைக்கவேண்டும். ஐந்து முதல் பத்தாம் லெவல் வரை நான்கு பேர் குழுவுக்கு 300 இரண்டு, 500 ஒன்று, 100 பொற்காசுத் தூள் இரண்டு பொட்டலம் கையிருப்பு போதுமானது. மொத்தம் 1,300 பொற்காசு.

அடுத்த சிக்கல் ஒருமையும் பன்மையும். 2014 பதிப்பில் ரிவிவிஃபை "வைரங்கள்" என்கிறது, ஆகவே 100 பொற்காசுக் கல் மூன்று வைத்தாலும் செல்லும். ரெய்ஸ் டெட் "ஒரு வைரம்" என்கிறது. 50 பொற்காசுப் பொடிக்கல் பத்தைச் சேர்த்து வைத்தால் செல்லாது. 2024 பதிப்பு ரிவிவிஃபையையும் ஒற்றைக் கல்லாக மாற்றிவிட்டது. ஒரே மேசையில் ஒருவர் பழைய புத்தகமும் இன்னொருவர் புதியதும் வைத்திருந்தால், சண்டை இந்த ஓர் எழுத்தில்தான் வரும். எந்தப் பதிப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, "மதிப்பு" என்றால் யார் சொல்லும் மதிப்பு? மலைப்பாதையில் பாறை சரிந்து வழி அடைபட்டு வைரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் 200 பொற்காசுக் கல் 300-க்கு விற்கும். அப்போது அந்தச் சின்னக் கல்லே உயிரை மீட்குமா? பேரம் பேசி 500 பொற்காசு வைரத்தை 350-க்கு வாங்கினால் அது ரெய்ஸ் டெட்டுக்குச் செல்லாதா? இதற்கு ஒரே தீர்வு, கல்லுக்கு மாறாத "சடங்கு மதிப்பு" ஒன்றை எழுதிவைப்பது. கடை விலை ஏறலாம், இறங்கலாம். சடங்கு மதிப்பு கல்லோடு பிறந்தது. கல் கையில் வரும்போதே சிறு அட்டையில் எழுதி வீரரிடம் கொடுத்துவிட்டால் பிறகு பேச்சில்லை.

தூள் விஷயத்திலும் கறாராக இருங்கள். வைரம் உலகிலேயே கடினமான கல், மோஸ் அளவில் 10. ஆனால் அதற்குப் பிளவுத் தளங்கள் உண்டு, சரியான கோணத்தில் சுத்தியடி விழுந்தால் உடைந்துவிடும். ஆகவே காட்டு முகாமில் வைரத்தைப் பொடியாக்குவது நடக்கக்கூடியதே. நிஜ உலகில் தூளான வைரத்துக்குக் கல்லின் விலை கிடைக்காது. ஆட்டத்தில் மதிப்பு பாதியாகும் என்று வைத்தால் கணக்கும் சுலபம், "எல்லாக் கல்லையும் தூளாக்கி வைத்துக்கொள்கிறோம்" என்ற குறுக்குவழியும் அடைபடும்.

எல்லாம் ஒரே பையில்

இரண்டாவது வழி எளிது. குழுவிடம் "சடங்குப் பை" என்று ஒன்று இருக்கும், அதில் ஓர் எண் மட்டும். எந்த ரத்தினம் கேட்டாலும் அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வைரமா, மாணிக்கத்தூளா என்ற கேள்வியே இல்லை.

நீண்ட வார இறுதியில் ஒரே மூச்சில் முடியும் ஆட்டத்துக்கும் புதிதாக ஆடுபவர்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் மாதக்கணக்கில் ஓடும் ஆட்டத்தில் பை வெறும் இரண்டாவது பணப்பையாகிவிடும். அதைத் தடுக்க இரண்டு கட்டுப்பாடு போதும்: கல் வியாபாரம் நடக்கும் ஊரில் மட்டுமே பையை நிரப்பலாம், பையின் உச்சவரம்பு குழுவின் லெவல் பெருக்கல் 200. ஐந்தாம் லெவலில் 1,000 என்றால், மூன்று ரிவிவிஃபைக்கு வரும்; அல்லது ஒரு ரெய்ஸ் டெட்டும் ஒரு ரிவிவிஃபையும். குழு யோசித்துத்தான் செலவழிக்கும்.

லெவலோடு ஏறும் விலை

புத்தக விலைகளின் பெரிய குறை அவை அசையாமல் நிற்பது. ஐந்தாம் லெவலில் 300 பொற்காசு வலிக்கும். சவால் அளவு 11 முதல் 16 வரையுள்ள ஒரு பெரும்புதையலில் 500 பொற்காசுக் கற்கள் 3டி6 (ஆறுமுகப் பகடை மூன்றின் கூட்டுத்தொகை) விழலாம், சராசரி பத்துக்கு மேல். அதில் ஒரே ஒரு கல்லின் மதிப்பு ஓர் ஆள் உயிரைவிட அதிகம் என்றால், சாவு அங்கே செலவுப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே.

இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இதை வேறு விதமாகக் கட்டியிருக்கிறது. அதில் ரெசரக்ட் ஒரு சடங்கு. செத்தவரின் லெவல் பெருக்கல் 75 பொற்காசுக்கு வைரம் வேண்டும், ஒரு நாள் முழுக்கச் செய்யவேண்டும், முதன்மையாகச் செய்பவரோடு துணைக்கு இருவர் நிற்கவேண்டும், பகடையும் உருட்டவேண்டும். படுதோல்வி விழுந்தால் உடலுக்குள் வேறொன்று குடியேறலாம், அல்லது உடலே நடைபிணமாகலாம். விலையும் ஆபத்தும் சேர்ந்தே வருவதால் சடங்குக்கு உரிய கனம் வருகிறது. இந்த நான்கு வழிகளில் சடங்கை உண்மையிலேயே சடங்காக உணரவைப்பது இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

ஆனால் அந்த 75-ஐ அப்படியே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டு ஆட்டத்திலும் பொற்காசின் வாங்கும் சக்தி ஒன்றல்ல. லெவல் பெருக்கல் 100 நன்றாகப் பொருந்துகிறது. மூன்றாம் லெவல் ஆளுக்கு 300, அது ரிவிவிஃபை விலை. ஐந்துக்கு 500, ரெய்ஸ் டெட் விலை. பத்துக்கு 1,000, ரெசரக்‌ஷன் விலை. புத்தகத்தில் பார்த்த எண்களே இதிலும் வருவதால் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. பதினைந்தாம் லெவல் போர்வீரர் செத்தால் 1,500 என்னும்போது குழு கொஞ்சம் அமைதியாகும்.

இதில் சறுக்கல் ஒன்றுதான்: லெவல் குறைந்த துணைக் கதாபாத்திரங்களை மிக மலிவாக எழுப்பிவிடலாம். குறைந்தபட்சம் 300 என்று ஓர் அடித்தளம் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

ஊர்க் கல்லும் பெயருள்ள கல்லும்

நான்காவது வழியில் விலை பின்னால் போய்விடுகிறது. எந்தக் கல், எங்கிருந்து வந்தது, அதில் என்ன குறை என்பதுதான் கணக்கு. நீலகிரியை, அல்லது நீலகிரி போன்ற ஒரு மலையை, களமாக வைத்து ஆடுபவர்களுக்கு இதில் ஒரு புதையலே இருக்கிறது.

வைரம் இந்த மலைக்கு ஒட்டாத கல். இந்தியாவின் புகழ்பெற்ற வைரங்கள் கிருஷ்ணா நதிப் பக்கம் கிடைத்தவை. நம் மலையடிவாரக் கொங்குநாட்டின் கற்கள் வேறு. காங்கேயம் அருகே படியூரில் பெரில் வகைக் கல், அதிலும் வெளிர்நீல அக்வாமரைன். நொய்யல் கரையில் கொடுமணலில் நீலக்கல்லும் பெரிலும் சூதுபவளமும் மணிகளாகக் கடையப்பட்ட தொழிற்கூடங்களை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். இங்கிருந்து கற்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்குப் போய் ரோம் வரை சென்றன. நீலகிரியின் சார்னோகைட் பாறையிலோ கார்னெட் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகவே தெரியும்.

இனி விலைப்பட்டியலைப் பாருங்கள். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் கார்னெட் 100, அக்வாமரைன் 500, நீலக்கல் 1,000. ரிவிவிஃபைக்கு மூன்று கார்னெட், ரெய்ஸ் டெட்டுக்கு ஓர் அக்வாமரைன், ரெசரக்‌ஷனுக்கு ஒரு நீலக்கல். ஒரு காசுகூடக் கூட்டிக் குறைக்காமல் வைரத்தை எடுத்துவிட்டு ஊர்க் கற்களை வைத்துவிடலாம். ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு மட்டும் வைரத்தை விட்டுவையுங்கள், 5,000 பொற்காசுக் கல் ஐந்து. அதைத் தேடி மலை இறங்கி, சமவெளி கடந்து, கிருஷ்ணா வரை குழு நடக்கட்டும். இப்படி மாற்றினால் முன்பு சொன்ன புதையல் பட்டியல் சிக்கலும் தீர்கிறது: ஐந்தாம் லெவல் புதையலில் 100 பொற்காசுக் கற்கள் ஏற்கெனவே வருகின்றன, கார்னெட் அவற்றில் ஒன்று.

நவரத்தினத்தையும் இதே பட்டியலில் கோத்துவிடலாம். முத்து, பவளம், கோமேதகம் (கார்னெட் வகை), வைடூரியம் (கிரைசோபெரில்) நான்கும் 100. மரகதம், நீலம், மஞ்சள் புஷ்பராகம் மூன்றும் 1,000. மாணிக்கமும் வைரமும் 5,000. ஆக முழு நவரத்தினச் செட் 13,400 பொற்காசு. ஒன்பது கிரகத்துக்கும் ஒரே நேரத்தில் செய்யவேண்டிய பெருஞ்சடங்கு ஒன்றை உயர் லெவலில் வைத்தால், நம் வீரர்களுக்கு எந்தக் கல் யாருக்கு என்று விளக்கவே வேண்டாம். சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம் என்று அவர்களே சொல்வார்கள்.

கல்லின் குறைகளுக்குச் சிலப்பதிகாரம் தயாராகவே இருக்கிறது. மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் வைரத்தின் நான்கு குற்றங்கள் வருகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இவற்றை நான்கு முகப் பகடையில் இப்படிப் பொருத்தலாம்:

1. ஏகை: சடங்கின் நடுவே கல் கோட்டோடு பிளக்கும். மந்திரம் வீண், ஆனால் பாதி மதிப்புத் தூள் மிஞ்சும்.
2. விந்து: மந்திரம் பலிக்கும், எழுந்தவர் ஒரு நிலை களைப்போடு எழுவார்.
3. களங்கம்: சடங்கு நேரம் இரட்டிப்பு. ரெய்ஸ் டெட் என்றால் இரண்டு மணி நேரம், அதுவரை எதிரியைத் தடுத்து நிற்கவேண்டும்.
4. காகபாதம்: உயிர் திரும்பும், கூடவே வேறொன்றும் வரும். அது என்ன என்பது டிஎம்மின் கையில்.

இதில் நியாயம் ஒன்று மிக அவசியம். குற்றம் இருப்பது சடங்குக்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கல்லை வெயிலில் பிடித்து இருபது நிமிடம் பார்த்தால் புலனாய்வுச் சோதனை, இலக்கு 15; நகைத்தொழில் கருவிகளில் தேர்ச்சி உள்ளவருக்கு அனுகூலம் (இரு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது). மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் வெளிச்சம் போதாது, இலக்கு 18. பார்க்காமல் அவசரப்பட்டு வைத்தால்தான் ஆபத்து. கண்டுபிடிக்க வழியே தராமல் "கல்லில் குறை இருந்தது" என்று டிஎம் சொன்னால், அந்தக் குழு அடுத்தமுறை எந்தக் கல்லையும் நம்பாது. போலிக் கல்லுக்கும் இதே சோதனைதான். சிவப்பு ஸ்பினெல்லை மாணிக்கம் என்று விற்பது பல நூற்றாண்டுகள் நடந்த விஷயம். பட்டியலில் ஸ்பினெல் 100, மாணிக்கம் 5,000 என்பதால் இதிலேயே ஒரு முழு அத்தியாயம் ஆடலாம்.

இந்த வழியின் பலவீனம் டிஎம்மின் உழைப்பு. ஒவ்வொரு கல்லுக்கும் பெயர், ஊர், குறை எழுதவேண்டும். ஒரு கேம்பெயினுக்குப் பன்னிரண்டு கல்லுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட பழைய தங்கச் சுரங்கங்கள் போன்ற இடங்களைத் தாராளமாகக் களமாக்குங்கள். ஆனால் இந்த மலையில் இன்றும் வாழும் குறும்பர், தோடர், கோத்தர் மக்களைச் சூனியக்காரர்களாகவோ கல் காக்கும் பூதங்களாகவோ ஆக்காதீர்கள். அவர்கள் பிள்ளைகளும் உங்கள் மேசையில் உட்காரலாம். கற்பனைக் குடிகளை உருவாக்குவது சிரமமில்லை.

மேசைமேல் கல் வைப்பதா?

வைக்கலாம், வைத்தால் சுவை கூடும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் அடி தட்டையான கண்ணாடிக் கற்கள் போதும். கோலிக்குண்டு உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். நிறத் தேர்வில் கவனம் வேண்டும். மலையில் மின்சாரம் போய் மெழுகுவர்த்தி ஏற்றினால் கருநீலமும் கரும்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், மரகதமா நீலமா என்று சண்டை வரும். சிவப்பு, வெள்ளை, கருநீலம் மூன்றும் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் பிரிந்து தெரியும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கல்லே வேண்டாம், அட்டை போதும். அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டால் சில பேனா மைகள் ஊறிவிடும்.

எதை எடுப்பது?

நான்கில் ஒன்றை மட்டும் முழுதாக எடுப்பதைவிடக் கலந்து எடுப்பது நல்லது. வாராவாரம் ஆடும் நீண்ட கேம்பெயினுக்கு எங்கள் தேர்வு இது: உயிர் மீட்கும் மந்திரங்களுக்கு மட்டும் ஊர்க் கல், அதுவும் லெவல் பெருக்கல் 100 விலையில், மற்ற எல்லாத் தூளுக்கும் சடங்குப் பை. கணக்கு வைக்கவேண்டிய கற்கள் எப்போதும் நாலைந்துதான் இருக்கும், ஆனால் அந்த நாலைந்தும் குழுவுக்குப் பெயரோடு தெரியும். புதையலையும் எடையையும் காசுக்குக் காசு எழுதி ஆடுவதில் ருசி காணும் குழு புத்தக வழியிலேயே போகலாம், சடங்கு மதிப்பு அட்டையை மட்டும் மறக்காமல். ஒருநாள் ஆட்டத்துக்குப் பை மட்டும். குற்றப் பகடையைச் சாவு அடிக்கடி நேரும் கடுமையான ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். செத்தவரை எழுப்பும் முயற்சியே மறுபடி சாவில் முடிந்தால் வீரர்கள் களைத்துப்போவார்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினில் முறை மாற்றுவதானால், குழு ஓர் ஊரில் தங்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். கையிலுள்ள கற்களின் புத்தக மதிப்பைக் கூட்டுங்கள். அதிலிருந்து இறந்தோரை எழுப்ப வைத்திருந்த வைரங்களை மட்டும் தனியே எடுத்து, அதே மதிப்புக்கு ஊர்க் கல்லாகக் கொடுங்கள். மிச்சத்தை முழுதாகப் பையில் போடுங்கள். பையின் உச்சவரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகையைக் காசாகவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாருடைய கணக்கிலும் ஒரு காசு குறையக்கூடாது. புதிய விதி அடுத்த ஆட்டத்திலிருந்து நடைமுறைக்கு வரட்டும், நடந்துகொண்டிருக்கும் சண்டையின் நடுவில் வேண்டாம்.